நாலு பாட்டில், ஒரே ரீடிங்

"சார், உங்க உடம்பு ரொம்ப விசித்திரமா இருக்குது" என்றார் டாக்டர்.

போன செவ்வாய்க்கிழமை. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி. என் வயதில் பாதிகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கன்னடம் கலந்த தமிழ், முகமெல்லாம் ஆர்வம். விசித்திரம் என் உடம்பில் இல்லை... என் புத்தியில்!

இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களிடம் இத்தனை வாரமாக மறைத்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறுநீர்ப்பையில் கேன்சர். பதறாதீர்கள், ஆரம்ப நிலைதான். கட்டியைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. மறுபடி முளைக்காமலிருக்க வாரம் ஒருமுறை, ஆறு வாரம் மருந்து. என்ன மருந்து தெரியுமா? பிறந்த குழந்தைக்குத் தோளில் போடுவோமே, தழும்புகூட இருக்குமே... அதே பி.சி.ஜி.தான்.

அதை ட்யூப் வழியாகப் பைக்குள் விடுவார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கோபித்துக்கொண்டு கிளம்பி வந்து கேன்சரையும் சேர்த்து அடிக்குமாம். சிலருக்குக் கிளம்பும், சிலருக்குக் கிளம்பாது. கிளம்பாவிட்டால்? சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிவிடுவார்கள்.

யாருக்கு மருந்து கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதைத்தான் இந்த டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார். வந்துபோன எதிர்ப்புச் சக்தி சிறுநீரில் தடயம் விட்டுச் செல்லுமாம். அதனால் மருந்து ஏற்றிய அன்று மதியம் ஒரு மணி, மூணு, அஞ்சு, ஏழு என நாலு பாட்டில் பிடித்து, ஐஸில் வைத்து, மறுநாள் காலை சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என்னோடு அதே ஆராய்ச்சியில் சேர்ந்தவர் முனிராஜ். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். முதல் வாரமே நான் அவரிடம், "டைம் கரெக்டா எழுதணும், தெரியுதா? வாட்ச் இருக்கா?" என்று கேட்டேன். இருபத்தேழு வருஷம் ஓசூர் ஃபேக்டரியில் குவாலிட்டி பார்த்த திமிர்!

அந்தத் திமிர் பிடித்தவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

மருந்து ஏற்றிக்கொண்டு மூணு மணிக்கெல்லாம் நான் ஃபேக்டரிக்குத் திரும்பிவிடுவேன். அங்கே டாய்லெட்டில் பாட்டிலோடு நிற்பதா? யாராவது பார்த்தால்? வீட்டிலோ, "ஃப்ரிட்ஜுல தோசை மாவு இருக்கு, அந்தக் கண்றாவிய உள்ள வெச்சா நான் பொல்லாதவளாயிருவேன்" என்று மனைவி. ஆகவே ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலேயே பிடித்ததை நாலு பாட்டிலில் பிரித்தேன். ஒன்று, மூணு, அஞ்சு, ஏழு என்று லேபிள் ஒட்டினேன். மறுநாள் பெங்களூர் போகும் கம்பெனி வேன் டிரைவரிடம் "மெஷினுக்கு ஊத்துற கூலன்ட் சாம்பிள்ப்பா, பத்திரம்" என்று கொடுத்தனுப்பினேன். இப்படியே மூன்று வாரம்.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை? எங்கள் லைனில் மணிக்கு ஒருமுறை அளந்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். யார் எழுதுகிறார்கள்? ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எட்டு மணி நேர ரீடிங்கையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவோம். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். சந்தேகம் வராமலிருக்க, கடைசி டெசிமலை மட்டும் கொஞ்சம் மாற்றுவோம்.

பாட்டிலில் டெசிமலை மாற்ற முடியுமா, சொல்லுங்கள்!

இதில் கூத்து என்னவென்றால், போன மாதம்தான் இதே பத்தியில் இந்த லாக் ஷீட் மோசடியைக் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். பர்கூர் வாசகர் ஒருவர் அதைக் கத்தரித்துத் தன் ஆபீஸ் போர்டில் ஒட்டியிருப்பதாகக் கடிதம் போட்டார். ஐயா, தயவுசெய்து அதைக் கிழித்துவிடுங்கள்.

டாக்டர் தொடர்ந்தார். "மத்தவங்களுக்கு ஏறி இறங்குது சார். உங்களுக்கு நாலும் ஒரே அளவு. டெஸ்ட் கிட்தான் கெட்டுப்போச்சுன்னு புதுசு வரவழைச்சேன். முனிராஜ் சாம்பிளைக்கூட மறுபடி டெஸ்ட் பண்ணினேன். அவருது சரியா வருது."

இதற்கு மேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? "மேடம்... நாலும் ஒரே தடவை பிடிச்சதுதான்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "மூணு வாரமுமா சார்?"

தலையாட்டினேன். திட்டியிருந்தால் தேவலை. மறுபடி பேனாவைத் திறந்து, என் பெயருக்கு நேராக மூன்று வரியிலும் மெதுவாகக் கோடு போட்டார், அவ்வளவுதான்.

வெளியே முனிராஜ் மருந்துக்காகக் காத்திருந்தார். காலடியில் மாம்பழப் பெட்டி. உள்ளே மரத்தூள், ஐஸ். போன வாரம் அதில்தான் பாட்டில்களை வைத்து, மடியில் ஏந்தி, ரெண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தாராம். அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது.

"என்னா சொன்னாங்க சார்? உங்குளுது நல்லா இருக்குதாமா?"

அவரிடமும் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார், குறைந்தபட்சம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

முனிராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ... அப்போ உங்குளுக்கு மருந்து கேக்குதா இல்லியான்னு யாருக்குமே தெரியாதுங்களா சார்?"

அவருக்கு என்மேல் பரிதாபம்! வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. லேபிளில் நேரத்தை மாற்றி எழுதியபோது, ஏமாறுவது யாரோ ஒரு டாக்டர் என்றுதான் நினைத்திருந்தேன். என் உயிர் சம்பந்தப்பட்ட ரீடிங் அது என்பது அந்த மனுஷர் கேட்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று எனக்கும் நாலாவது வார மருந்து. அன்றைக்கே ஐஸ் வாங்கினேன். ஒரு மணி பாட்டில், ஆஸ்பத்திரியில். மூணு மணி பாட்டில், ஃபேக்டரியில், கதவைத் தாழிட்டுக்கொண்டு. அஞ்சு மணிக்கு டாய்லெட் வாசலில் நாலு பேர் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலை மறுபடி சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு மணி பாட்டில் வீட்டில். மனைவி மாவை அடுத்த தட்டுக்கு மாற்றி இடம் கொடுத்தாள்.

மறுநாள் நானே லீவு போட்டு பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அஞ்சு மணி பாட்டில் காலி. அதன் லேபிளில் "எடுக்கவில்லை. கூச்சம்" என்று எழுதியிருந்தேன்.

இருபத்தேழு வருஷ சர்வீஸில் நான் விட்ட முதல் காலிக் கட்டம் அது.