மருந்தறையில் மதியச் சோறு

2021 மே 19, புதன்கிழமை, பிற்பகல் 1.20. வெளியே சாரல். கல்வராயன் மலைமேல் இருந்த எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தறையில் நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்தோம். மாத்திரைகள் நமத்துவிடும் என்று இரண்டு சன்னல்களையும் நான்தான் சாத்தினேன். நான் அங்கே மருந்தாளுநர். ஓய்வு பெற ஏழு மாதமும் பன்னிரண்டு நாளும் இருந்தன.

எதிரே செவிலியர், தியாகதுருகத்துக்காரர். மலையூர்களுக்கு நடந்துபோய்ச் சளி மாதிரி எடுப்பார், பிரசவம் பார்ப்பார். அவருக்கு ஐந்து முகக்கவசம் தந்திருந்தேன். கிழமை எழுதிய ஐந்து காகிதப் பைகளில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார். மாலைதோறும் நான் எண்ணிப் பார்ப்பேன். ஒருநாளும் தவறியதில்லை. அன்றும் கவசங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கம்போல் டிபன் மூடிகளில் குழம்பு மாற்றிக்கொண்டோம். பேச்சும் சிரிப்புமாக நாற்பது நிமிடம்.

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் கள்ளக்குறிச்சியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்து என்னை அழைத்தார். அவர் பிரசவம் பார்த்த ஒரு பெண்ணிடமிருந்துதான் தொற்றியது என்று மலையூரில் பேச்சாம்; அந்த வீட்டாரைக் குழாயடிக்கே விடுவதில்லையாம்.

"பச்ச ஒடம்புக்காரி சார். நான் எங்க தப்பு பண்ணேன்னு நீங்களே கணக்குப் பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். பதினான்கு நாளில் அறுபத்தொரு வீடு. கவசமும் கையுறையும் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தொற்றே இல்லை. மருந்தறையில் உட்கார்ந்த நான்கு பேருக்கும் இருந்தது. பிரசவ அறையைக் கழுவி, குப்பை வாளி தூக்கி, வெறும் துணிக் கவசம் கட்டியிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. இது எப்படி? இரண்டு நாள் அதையே யோசித்தேன். அவர் வெளி வராந்தாவில் சாப்பிடுவார். நாங்கள் ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமையே, எனக்குத் தொண்டை கரகரத்தது. அன்று பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரித்திருந்தேன். அந்த நெடி என்று விட்டுவிட்டேன்.

தொலைபேசியில் செவிலியரிடம் அதைச் சொன்னேன். இருமல் அடங்கிய பிறகு பேசினார். "இன்னா சார், மாஸ்க்க அப்பிடி எண்ணுனீங்க. கதவ சாத்திக்கினு நாம சாப்ட்ட நேரத்த எண்ணலியே. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? அந்த ஊர்ல போயி சொல்லுங்க."

எனக்கு நோய் தொண்டையோடு போயிற்று. தனிமை நாட்கள் முடிந்ததும் நடந்துபோய், குழாயடியில் நின்று, நோய் என்னிடமிருந்து போனது என்று சொன்னேன். பிறகு ஒரு பெரியவர் அந்தப் பெண்ணின் மாமியாரைக் குடத்தோடு வரச் சொன்னார்.

செவிலியர் ஜூன் கடைசியில் வேலைக்குத் திரும்பினார். சாப்பாட்டை வராந்தாவுக்கு மாற்றினார். துப்புரவு அம்மாவும் அந்த மூவரோடு உட்கார்ந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. நானாகப் போகவும் கால் வரவில்லை. ஓய்வு பெறும்வரை மருந்தறையில் தனியே உண்ட மதியங்கள் நூற்று நாற்பத்தாறு.