நடுங்கும் கையும் நடுவில் நானும்

இரண்டு பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்ப்பவனுக்கு இரண்டு பக்கமும் திட்டு விழும். அதில் அகப்பட்டுக்கொண்ட உங்களுக்கெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், பதுளையில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துண்டுச்சீட்டு எழுதும் கிளார்க்காக இருந்தேன். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வரும் நரம்பு டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் வரும் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

சும்மா இருக்கும்போது

லுணுகலைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செவனம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கை நடுங்கியது, நடையும் குறுகியிருந்தது. பறிக்கும் கொழுந்து குறைந்ததும், "நடிக்கிறா" என்று வேலை வாங்கும் கங்காணி தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டார். டாக்டர் கடிதம் இல்லாமல் போனால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, வேலை செய்யும்போதா என்று டாக்டர் கேட்டார். இந்த நோய்க்கு அதுதான் முக்கியமான கேள்வியாம். அப்படியே தமிழில் கேட்டேன். செவனம்மா திருப்பிக் கேட்டார்.

"கைய எப்பங்க சும்மா இருக்க விட்டாங்க, பாத்துச் சொல்றதுக்கு?"

வாங்கிக்கொள்ளும் இடங்கள்

பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் முடிவுக்கு வந்தார். கூட வந்த இரண்டு மாணவர்களைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு நீண்டது. மூளையில் டோபமின் குறைவதால் நடுக்கமாம். செரட்டோனின் என்று இன்னொன்று உண்டாம்; அதை வாங்கிக்கொள்ளும் இடங்களும் இந்த நோயில் மாறுமாம். மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் அது காரணமாக இருக்கலாமாம், இன்னும் ஆராய்கிறார்களாம். கால் மணி நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "இதை அவருக்குச் சொல்லுங்கள்" என்றார்.

நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். "மூளையில ஒரு சத்து ஊறுதும்மா. அத வாங்கிக்கிற எடமெல்லாம் மாறிப்போச்சாம். மனசு சோர்ந்து போறதுக்கு அது காரணமா இருக்கலாம்னு சொல்றாரு."

"அதுக்கு மூளையில போயி எதுக்குங்க தேடணும்? எங்க கங்காணிய வந்து பாக்கச் சொல்லுங்க."

மாத்திரை வேலை செய்தபின்

கடிதமும் மாத்திரையும் கிடைத்தன. பேர் வெட்டப்படவில்லை, காம்பராவும் தப்பியது. அடுத்த மாதம் செவனம்மாவோடு கங்காணியும் வந்தார். நிலைமையைப் பார்த்துவரச் சொல்லித் துரை அனுப்பினாராம். நடுக்கம் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். கங்காணிக்கு அதைவிடச் சந்தோஷம்.

"நான் அப்பவே நடிப்புன்னு சொன்னேனுங்க. நெசமான சீக்குன்னா மாத்திரைக்கு நிக்குமா?"

ஏழு வருஷம் இந்த வேலை பார்த்ததில் நான் கண்டது, எந்த நோயையும் எப்படியாவது தமிழில் சொல்லிவிடலாம், நம்பவைக்கத்தான் எந்த மொழியும் போதாது.