மேட்டில் விழுந்த ஐம்பது மனைகள்

லேஅவுட் போடுகிறவன் செய்யக்கூடாத தப்புகள் இரண்டு. ஒரே வேலையில் இரண்டையும் செய்தவன் நான்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் நாலா பக்கமும் பெருத்துக்கொண்டிருந்தது. ஓடைக்கரைக் குடிசைகளில் ஐம்பது குடும்பங்கள் இருந்தன. மழை வந்தால் அடுப்புக்குள் தண்ணீர். அவர்களுக்கு மனை போட இடம் பார்ப்பது சர்வேயரான என் பொறுப்பு. மேலநீலிதநல்லூர் ரோட்டோரம் ஒரு புறம்போக்கு, தட்டையாகக் கிடந்தது. சித்திரை வெயிலில் லெவல் எடுத்துக் கல் ஊன்ற ஆரம்பித்தேன். ஆடு பத்திக்கொண்டு அந்த வழியே வந்த மாடத்தி என்பவள் நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

"இங்கனயா சார் வீடு கட்டப் போறிய?"

"ஆமா, ஏன்?"

"ஐப்பசில இங்கன ஆடே படுக்காது. தண்ணி நின்னு குளம்பு அழுகிப் போவும். மழைக்கு நாங்க ராத்திரி ஆட்ட அடைச்சுக் கிடை போடுதது அந்தா, அந்த மேட்டுல."

சுருக்கென்றது. இரண்டு இடத்திலும் குழி வெட்டி, குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மேட்டுச் சரள் மண்ணில் தண்ணீர் இல்லை. கீழே கரிசலில் அப்படியே நின்றது. விஷயத்தை எங்கள் ஆபீஸ் இன்ஜினியரிடம் சொன்னேன்.

"என்னவே, ஆடு சொல்லிச்சின்னு ஃபைல்ல எழுதவா?"

"மண்ணு சொல்லிச்சின்னு எழுதுங்க சார்."

அவரே வந்து குழியை எட்டிப் பார்த்தார். "கல்லப் பிடுங்கும்வே" என்றார்.

மேட்டைப் படத்தில் 'காலி இடம்' என்று குறித்து, மனை பிரித்தேன். கல் ஊன்றிய அன்று மாடத்தி மறுபடியும் வந்தாள்.

"நல்லது சொன்னதுக்கு எங்க இடத்தையே எடுத்துக்கிட்டியளே சார். இனி மழைக்கு ஆட்ட எங்கன கொண்டு போவேன்?"

"காலியாத்தானே கெடந்துச்சு?"

"ஆடு மேய்ச்சலுக்குப் போயிருக்கு. நீங்க ஆபீசுக்குப் போனா ஒங்க வீடு காலியா?"

வெட்கமாகப் போய்விட்டது. ஆபீசுக்குத் திரும்பிப் படத்தை மறுபடி விரித்தேன். லேஅவுட்டில் பூங்காவுக்கென்று கொஞ்சம் இடம் விட வேண்டும். எதற்கும் உதவாத மூலையைத்தான் எல்லோரும் அதற்குத் தள்ளிவிடுவோம். நான் அதை மேட்டின் உச்சிக்கு ஏற்றினேன். மனைகளை அதற்குக் கீழே, சரள் இருக்கும் வரைக்கும் நெருக்கிப் போட்டேன். ஐம்பதில் ஒன்றும் குறையவில்லை.

"நல்ல மேட்டையா பார்க்குக்கு விடுதீரு?" என்றார் இன்ஜினியர். காரணத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். "பார்க்குல என்ன படுத்திருக்குன்னு பாக்க நான் வரமாட்டேன்."

மறு ஐப்பசிக்குள் பாதிக்கு மேல் வீடு எழும்பிவிட்டது. மூன்று நாள் அடைமழை விட்டதும் சைக்கிளில் போனேன். முதலில் கல் ஊன்றிய இடத்தில் முழங்கால் தண்ணீர். மேட்டு வீடுகளில் அடுப்பு எரிந்தது. உச்சியில் மாடத்தியின் ஆட்டுக்கிடை. மனசு நிறைந்து போயிற்று.

அதற்குப் பிறகு, மழைக்காலத்தில் ஒருமுறை போய் நின்று பார்க்காமல் எந்தப் படத்திலும் 'காலி இடம்' என்று எழுதியதில்லை. போய்ப் பார்த்த பிறகு, அப்படி எழுத அநேகமாக இடமே அகப்படவில்லை.