பின் சீட்டைக் கழற்றிய கார்

உத்தனப்பள்ளி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஓசூருக்கு வெளியே, ராயக்கோட்டை ரோட்டில் இருந்த கார் ஷெட்டிலிருந்து காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நான், பஸ் வந்தும் கை காட்டவில்லை. உட்கார்ந்தால் யோசனை வரும். நடந்தால் கால் வலி மட்டும்தான்.

அந்த ஷெட்டில்தான் எனக்கு வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம். கூலி குறைவென்று பெங்களூர் வண்டிகள் எல்லை தாண்டி எங்களிடம் வரும். அப்படி வந்தவர்தான் அந்த சார். ஆபீசுக்குப் போகவும் மகளைப் பள்ளியில் விடவும் தினமும் ஓட்டுகிற சாதாரண ஆட்டோமேட்டிக் கார். நம் காரையே ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க நாள் ஒதுக்குகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓட்ட, சனிக்கிழமையே கிளம்ப வேண்டும் என்று வண்டியைத் தயார் செய்யச் சொன்னார்.

நான்தான் செய்தேன். கியர் ஆயில் மாற்றினேன். சீக்கிரம் கொதிக்காத பிரேக் ஆயில் ஊற்றினேன். எடை குறைய ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட் எல்லாவற்றையும் கழற்றி மூலையில் அடுக்கினேன். மிச்சம் முன்னால் இரண்டு சீட். ஒன்று சாருக்கு. இன்னொன்றைக் காட்டி, "தம்பி, நீதான் வர்றே. அங்க சக்கரம் கழட்டி மாட்ட ஆள் வேணும்" என்றார். எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். கூட வா என்று யாரும் சொன்னதில்லை.

சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடுகளையும் புதிதாக மாட்டியிருந்தேன்; அவற்றைப் பழக்கும் விதத்தை சாரே சொல்லிக்கொடுத்தார். வேகமாகப் போய் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் வண்டி நிற்கக் கூடாது. பிறகு சூடு ஆறும்வரை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். சூட்டோடு நிறுத்தி மிதித்தபடி இருந்தால் பேட் டிஸ்க்கில் ஒட்டி, ஸ்டீயரிங் ஆடும். ஆட்டோமேட்டிக்கில் இது சுலபமாக நடந்துவிடும். காலை எடுத்தால் வண்டி தானாக நகரும் என்பதால் மிதித்துக்கொண்டே நிற்போம்.

வெள்ளிக்கிழமை பேட் பழக்க வண்டியை எடுத்துப் போனேன். ஷெட் முதலாளியும் ஏறிக்கொண்டார். நான் நாலு தடவை பிரேக் பிடித்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"எறங்குடா. நீ மட்டும்தான் ரேஸ் விடுவியா?"

சிரித்துக்கொண்டே ஓட்டினார். செல்போன் அடித்தது. டீக்கடை ஓரம் நிறுத்தி, மிதித்த காலை எடுக்காமல், மச்சானோடு கல்யாண மண்டபம் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணா, நியூட்ரல்ல போட்டு காலை எடுங்கண்ணா."

"ஏழாவது தாண்டாதவன் எனக்கு வண்டி சொல்லித் தர்றான் பாரு" என்று போனில் மச்சானிடமே சொன்னார்.

திரும்பும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கியது.

சனிக்கிழமை காலை சார் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "பேட் யார் பழக்கினது?" என்று கேட்டார். பையன்தான் ஓட்டினான், எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்று முதலாளி கன்னடத்தில் சொன்னார். எனக்கு அது புரியாதென்று அவர் நினைப்பு. பெங்களூர் ஹோட்டலில் தட்டு கழுவியவன் நான். "சார், நிறுத்தி மிதிச்சது நான் இல்ல, இவருதான்" என்று கன்னடத்திலேயே சொன்னேன்.

முதலாளி முகம் சிறுத்துப்போனது. சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். யார் பொய் சொல்கிறார்கள் என்று சாருக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் கசப்பது அதுதான். நாளைக்கும் வண்டியை இதே ஷெட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும். வேலைக்காரன் ஒருவனுக்காக முதலாளியைப் பகைத்துக்கொள்வாரா?

"சரி விடுங்க. அங்க போய் கழட்டித் தேய்ச்சுக்கலாம். நீங்களே வந்துடுங்க" என்றார் முதலாளியிடம்.

முதலாளி சட்டை மாற்றிக்கொண்டு அந்த சீட்டில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, "பின் சீட்டைத் துடைச்சு வைடா. திங்கக்கிழமை மாட்டணும்" என்றார். வண்டி போனது. நான் பையை எடுத்தேன்.

அன்றிரவு ராயக்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் படுத்தேன். விடிந்ததும் தக்காளி மண்டிக்குப் போனேன். பிக்கப் வண்டிப் பக்கம் நின்ற வியாபாரி, "ஏப்பா, வண்டி ஓட்டுவியா? டிரைவர் வரல" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டிகளைக் காட்டினார். தூக்க ஆரம்பித்தேன்.