புன்னக்காயல் பூசையில் என் பெயர்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினேன். புன்னக்காயல் ராயப்பனுக்கு தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பைபிள் வசனம் அனுப்புவேன். எங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்களுக்கு இது பல் துலக்குவது மாதிரி. அவன் கத்தோலிக்கன்; பதிலுக்குக் கூப்பிய கை ஒன்று அனுப்புவான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தொடங்கிய சிநேகம். ஒரு வாரமாகக் கையைக் காணோம். போனும் அணைந்து கிடந்தது. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறவன்.

ஏரல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வாழையும் வயலும் தாமிரபரணியும். வேறொரு நாளென்றால் ரசித்திருப்பேன். ஏரலில் பஸ் மாறி ஆத்தூர். அங்கிருந்து வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"துட்டி வீட்டுக்கா அண்ணாச்சி? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே" என்றார் ஓட்டுநர்.

சாவு வீடா என்று கேட்டவரை இறக்கிவிட்டு நானே ஓட்டிப் போகலாமா என்று இருந்தது.

ராயப்பன் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண், "அண்ணன் கோயிலுக்குல்லா போயிருக்காவ. பூசை நேரம்" என்றாள். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே இன்னொரு பயமும் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறான் என்றால் ஏன் பேசவில்லை? வசனம் அனுப்பி அனுப்பியே வெறுக்க வைத்துவிட்டேனோ?

கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யார் யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று முதலில் மைக்கில் வாசிப்பது அவர்கள் வழக்கம். இறந்தவர்கள் பெயரெல்லாம் முடிந்த பிறகு கேட்டது: "பாளையங்கோட்டை சாமுவேல் நோய் நீங்கி நலம்பெற, நண்பர் ராயப்பன்."

சாமுவேல் நான்தான். முன்வரிசையில் வழுக்கைத் தலை ஒன்று குனிந்திருந்தது. அதன்பிறகு எப்போது எழுந்தேன், எப்போது முழங்காலிட்டேன் என்று தெரியாது. பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்த ராயப்பன் என்னைப் பார்த்து நின்றுவிட்டான்.

"ஏலே சாமு! நீ ஆசுபத்திரியில இல்லியா?"

"நான் எதுக்குலே ஆசுபத்திரிக்கு?"

"நெஞ்சு கரிக்கி, டாக்டரப் பாக்கப் போறேன்னு சொன்னியே. மறுநாளே என் போனு ஆத்துக்குள்ள விழுந்துட்டு. உன் நம்பர் எவனுக்கு மனப்பாடம்? வசனம் வராம காப்பி எறங்கல. திங்கக்கிழம பஸ் ஏறிருவோம்னு இருந்தேன்."

"அது ஆட்டுக்கறி செமிக்காம வந்ததுலே!"

முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான். அவ்வளவு சுகமான அடி வாங்கி வெகுநாளாயிற்று. இத்தனை காலமும் நான்தான் அவனுக்காக ஜெபிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

இரவு நெத்திலிக் குழம்பு. காலை முதல் பஸ்ஸில் திரும்பி, நேரே எங்கள் ஆலயத்துக்குப் போனேன். எங்களுக்கு இப்படிப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுக்கும் பூசைக் கருத்து கிடையாது; கடவுளுக்கு நன்றியாகப் போடும் ஸ்தோத்திர காணிக்கை உண்டு. காரணத்தையும் சபையில் வாசிப்பார்கள்.

"என்ன காரியத்துக்கு அண்ணாச்சி?" என்று பேனாவை எடுத்தார் காணிக்கை எழுதுகிறவர்.

"புன்னக்காயல்ல ஒரு போன் தண்ணியில விழுந்ததுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியே எழுதும்வே" என்றேன்.