தேனாம்பேட்டை சிக்னல் உட்பட

சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர். துபாயில் மாறுவதையும் சேர்த்து இருபத்திரண்டு மணி நேரம். அப்பா இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டதே இல்லை. மீனம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வீட்டு வாசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம், அதில் தேனாம்பேட்டை சிக்னலுக்கு மட்டும் பத்து நிமிஷம் என்று சேர்த்து, "இருபத்துமூணு" என்பார். பாதி உலகத்தைத் தாண்டி வரும் விமானத்தின்மேல் இல்லாத கோபம் அவருக்கு அந்த சிக்னல்மேல் இருந்தது.

நான் ஏறிவிட்டேன் என்று தெரிந்ததும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொள்வார். வரைபடத்தில் ஊர்ந்து வரும் குட்டி விமானத்தைச் சோறு தண்ணி மறந்து பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவருக்கு இதயம் பலவீனமான வருஷத்தில் இரண்டு முறை அம்மா அழைத்தாள். இரண்டு முறையும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு முறையும் அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். மூன்றாம் முறை அழைத்தபோது மறுநாள் காலை எனக்கு அலுவலகத்தில் முக்கியமான கூட்டம். டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அம்மாவிடம் மட்டும் "ஏறிட்டேம்மா" என்றேன். துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டதாகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கூட்டம் முடிந்த கையோடு அதையும் கூசாமல் சொன்னேன்.

அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. மனசு உடைந்துவிடுவார் என்று பயந்தாள். துபாயிலிருந்து கிளம்பிய விமானத்தை அப்பா விடாமல் பார்த்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு அது மீனம்பாக்கத்தில் இறங்கியதும், முகம் துடைத்து விபூதி இட்டுவிடச் சொல்லியிருக்கிறார். வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். ஒன்பதரைக்கு, "தேனாம்பேட்டைல மாட்டிண்டிருப்பா" என்றாராம். பதினோரு மணிக்குப் போய்விட்டார். அப்போது என் விமானம் கிளம்பி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பிளேனை விட்டுட்டா நீ என்னடி பண்ணுவே? தப்பு என்னோடது. நாளைக்குத்தான் வருவான்னு சொல்லியிருந்தா, இன்னும் ஒரு நாள் உசிரைப் பிடிச்சுண்டு இருந்திருப்பார்."

ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று இதைச் சொல்லி அழுகிறாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பாரம் அவளைவிட்டு இறங்கிவிடும். எனக்குத் தெரியும். வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. பயம்தான், வேறு என்ன? இப்போதும் தேனாம்பேட்டையில் கார் நிற்கும்போதெல்லாம், வீட்டு வாசல் கதவு திறந்து கிடப்பதாகத் தோன்றுகிறது.

விமானத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டதும் இப்போதெல்லாம் இருக்கை எண்ணையும் ஜன்னலையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறேன். போன மாதம் வந்தபோது காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எதுக்குடி தடவைக்குத் தடவை போட்டோ? ஏறிட்டேன்னு நீ சொன்னா எனக்குப் போறாதா?"