பெண் பார்க்கப் போனவர் சட்டையில் பொறிவண்டு

இன்று ஆரல்வாய்மொழி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளைஞர், புத்தம்புது வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் அவருடைய அம்மா. கொட்டாரத்தில் பெண் பார்க்கப் போகிறார்கள் என்பது மயிலாடி வருவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஜன்னல் வழியாக ஒரு பொறிவண்டு வந்து அவர் சட்டைப் பையில் உட்கார்ந்தது. மிளகு அளவுதான். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள்.

நான் பள்ளியில் உயிரியல் எடுப்பவள். "தம்பி, அமுக்கிராதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் பிடித்துவிட்டார்.

வெள்ளைத் துணியில் பளிச்சென்று மஞ்சள் பொட்டு.

"அய்யோ, மோண்டுட்டே!" என்றார் அம்மா.

"அது ரத்தம்மா. பயந்தா கால் முட்டி வழியா விடும். கசப்பும் நாத்தமும் தாங்காம குருவிகூட விட்டுரும்" என்றேன்.

"இத்துப்போல சின்ன சாதனத்துக்கு முட்டி வேறயா?"

கைக்குட்டையால் துடைத்ததில் கறை பெரிதானது. இளைஞர் முகம் வாடிவிட்டது. "திரும்பிப் போயிருவோம்மா."

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா விடவில்லை. "எதுக்கு மக்களே திரும்பணும்? பொண்ணு பாக்கப் போற சட்டையில மஞ்ச பட்டிருக்குல்லா. இதவிட என்ன சகுனம் வேணும்?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். உள்ளங்கையில் செத்ததுபோல் கால்களை மடக்கிக் கிடந்த வண்டை ஜன்னலில் விட்டார். அசுவினிப் பூச்சி தின்ன வயலுக்குப் பறந்தது.

கொட்டாரத்தில் இறங்கியவர், சட்டைப் பையை ஒருமுறை முகர்ந்து மூக்கைச் சுளித்துவிட்டு நடந்தார்.

எனக்கு அதன்பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. கொட்டாரத்துக்காரர்களே, யார் வீட்டுக்கு வந்தார்? பெண் என்ன சொன்னாள்?